நந்தனும் கிந்தனும்

திரைப்பட விமர்சனத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பத்திரிகைகளைப் புரட்டுவதோடு அமைதி அடைந்துவிடுகின்றனர். எந்த ஏட்டில் யார் முதலில் மதிப்புரை எழுதினார், எந்தப் படத்தை எவர் தாக்கினார், எவர் தாங்கினார் என்ற விவரங்களைத் திரட்டி வரிசைப்படுத்தினால் வரலாறு முற்றுப்பெற்றுவிடும் என்பது அவர்தம் எண்ணம். தமிழ்த் திரைப்படத்தைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பாதி உண்மையே. அதன் பார்வையாளரில் பெருந்தொகையினர் எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள். பத்திரிகை மதிப்புரை அவர்களை எட்டவில்லை. அவர்களை எட்டிய விமர்சனம் வேறோரிடத்திலிருந்து வந்தது. திரையிலேயே, படத்தின் நடுவிலேயே, கதாநாயகனின் காதலுக்கும் சோகத்துக்கும் இடையில் ஒதுக்கப்பட்ட சில நிமிடங்களில், சிரிப்பு நடிகனின் வாயிலிருந்து அது வந்தது.

சிரிப்பு நடிகனை விமர்சகனாகக் கொள்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கோமாளியிடம் கருத்தை எதிர்பார்ப்பதா என்று கற்றறிந்தோர் புன்முறுவல் பூக்கலாம். ஆயினும், பெரும் புகழ் பெற்ற ஒரு படக்கதையை எதிர்த்து, அதே கலைச் சாதனத்தின் வழியாக, இலட்சக்கணக்கான மக்கள் முன்னிலையில் வாதாடி, கேட்டோரைச் சிந்திக்கவும் வைத்த ஒருவன் தமிழ்த் திரையில் இருந்தான் என்றால், அவனுக்கு விமர்சகன் என்ற பெயரை மறுப்பது நியாயமாகாது. நந்தனார் கதையைப் பற்றிக் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நடத்திய வாதத்தையே இங்கு நாம் ஆராய எடுத்துக்கொள்கிறோம். அந்த வாதம் எங்கே தொடங்கியது, எதை வென்றது, எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பவை இன்றும் நமக்குப் பயன்படும் கேள்விகள்.

1

முதலில் ஒரு மரபை நினைவுகூர வேண்டும். தெருக்கூத்தில் கட்டியகாரன் என்றொரு பாத்திரம் உண்டு. அரசன் வரவை அறிவிப்பவன் அவன். அரசன் வந்தபின் அவனைக் கேலி செய்பவனும் அவனே. இதிகாச காலத்து மன்னன் மேடையில் நிற்கும்போது, அவன் பக்கத்தில் நின்றுகொண்டே ஊர்ச் செய்தியையும் வரிச்சுமையையும் விலைவாசியையும் பேசும் உரிமை கட்டியகாரனுக்கு இருந்தது. கதை பழையதாக இருக்கலாம். அவன் பேச்சு அன்றைய நாளுடையது. பின்னர் வந்த இசைநாடகக் கொட்டகைகளில் இவ்விடத்தைப் பபூன் பிடித்துக்கொண்டான்.

இந்த உரிமைக்கு ஓர் எல்லையும் இருந்தது. கட்டியகாரன் அரசனைக் கேலி செய்யலாம். கதையின் முடிவை மாற்ற இயலாது. விடியற்காலையில் அரசன் முடிசூடிக்கொள்வான். கட்டியகாரன் வேடம் கலைத்துவிட்டு மற்றவர்களைப்போல் வயலுக்குப் போவான். சிரிப்பு அனுமதிக்கப்பட்டது, அது இரவோடு முடிந்துவிடும் என்பதால்.

பேசும் படம் வந்தபோது நாடகக் கொட்டகை ஏறக்குறைய அப்படியே படப்பிடிப்பு நிலையத்துள் குடிபெயர்ந்தது. புராணமும் பாட்டும் வந்தன. அவற்றோடு பபூனும் வந்தான். நாகர்கோயிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908ஆம் ஆண்டு ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, வில்லுப்பாட்டின் ஓசையைக் கேட்டு வளர்ந்து, டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பயின்ற கிருஷ்ணனும் இவ்வழியே வந்தவர். 1936இல் வெளியான 'சதி லீலாவதி' அவருடைய தொடக்ககாலப் படங்களுள் ஒன்று. எம். ஜி. இராமச்சந்திரனும் டி. எஸ். பாலையாவும் திரைக்கு அறிமுகமானது அப்படத்திலேயே. அதன் கதாநாயகன் ஊரைவிட்டோடி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகத் துன்புறுவதை இந்நாட்டு வாசகர் அறிந்திருப்பது தகும். தம்முடைய நகைச்சுவைப் பகுதியைத் தாமே அமைத்துக்கொள்ளும் வழக்கத்தைக் கிருஷ்ணன் அக்காலத்திலேயே தொடங்கிவிட்டார். பிறர் எழுதித் தந்ததை ஒப்பிக்கும் நடிகராக அவர் இருக்கவில்லை. படத்துக்குள் தமக்கென்று ஒரு சிறு நிலத்தை வேலி கட்டி வைத்துக்கொண்டார். வாழ்க்கைத் துணைவியான டி. ஏ. மதுரத்தோடு சேர்ந்து அந்நிலத்தில் அவர் விளைவித்தவையே பின்னாளில் தமிழ் மக்களின் பொதுச் சொத்தாயின.

2

இனி, அவர் எதிர்த்து வாதாடிய கதையைப் பார்ப்போம்.

நந்தன் கதைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் அவர் திருநாளைப்போவார். ஆதனூர்ப் புலைப்பாடியிற் பிறந்தவர். கோயில்களுக்குத் தோலும் நரம்பும் தொண்டாக அளித்தவர். திருப்புன்கூரில் அவர் வெளியே நின்று தரிசிப்பதற்காக நந்தி விலகியது. தில்லையிலோ தீயில் மூழ்கி, பிறப்பின் அடையாளம் நீங்கி, பூணூலணிந்த முனிவராக எழுந்த பின்னரே அவர் உள்ளே செல்ல முடிந்தது. இக்கதையிற் பண்ணையார் எவரும் இல்லை.

பண்ணையாரைக் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் நந்தன் ஒரு பண்ணையாள். தில்லைக்குப் போக அவன் விடை கேட்கிறான். ஆண்டையாகிய வேதியர் மறுக்கிறார். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். தஞ்சைத் தரணியின் நிலவுடைமை உறவு பக்திக் கதைக்குள் இவ்வாறு நுழைந்தது. புராணத்தைக் காட்டிலும் கீர்த்தனை உண்மைக்கு நெருங்கி வந்த இடம் அது. இலக்கணம் பிறழ்ந்த நூலென்று சிறப்புப்பாயிரம் தரத் தயங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அதன் இசையைக் கேட்டபின் மனம் உருகி இணங்கினார் என்பது இலக்கிய வரலாறு கூறும் செய்தி. எனினும் கீர்த்தனையும் விடையை வானத்திலிருந்தே வரவழைத்தது. நாற்பது வேலியும் தெய்வ அருளால் ஓரிரவில் விளைந்து நின்றது. ஆண்டையின் மனம் இளகியது. நந்தன் தீயில் இறங்கினான்.

இந்தக் கதையைத்தான் பேசும் படம் கையில் எடுத்தது. 1935இல் வெளியான 'பக்த நந்தனா'ரில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்தார். சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக வந்தார். சுந்தராம்பாளுக்கு ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் வழங்கப்பட்டது. அக்காலத்தில் எவரும் கேட்டறியாத தொகை அது. 1942இல் ஜெமினி நிறுவனம் முருகதாசாவின் இயக்கத்தில் மீண்டும் 'நந்தனா'ரைத் தயாரித்தது. தண்டபாணி தேசிகர் நந்தனாகப் பாடினார். நாட்டில் ஆலயப் பிரவேசக் கிளர்ச்சி கொழுந்துவிட்டிருந்த காலம் அது. 1936 நவம்பரில் திருவாங்கூர் அரசு ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டது. 1939 சூலையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலினுள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தனர். காந்தியடிகளின் அரிசன இயக்கத்துக்கு நந்தன் கதை இசைவாக இருந்தது. தாழ்த்தப்பட்டவனும் பக்தியில் உயர்ந்தவனே என்று அது சொல்லிற்று. ஆனால் அவன் எரிந்து தூய்மையடைய வேண்டும் என்ற நிபந்தனை கதையின் உள்ளே அப்படியே இருந்தது.

1935ஆம் ஆண்டுப் படத்தை நகைச்சுவையோடு விமர்சித்த ஒருவரும் உண்டு. ஆனந்த விகடனில் எழுதிவந்த கல்கி, அப்படத்தில் மனிதரைக் காட்டிலும் மரங்களும் விலங்குகளும் சிறப்பாக நடித்திருக்கின்றன என்ற பொருள்பட எழுதியதைப் பழைய வாசகர் பலர் இன்றும் சொல்லி மகிழ்வர். கூர்மையான கேலி அது. நாடக மேடையின் பாணியைக் காமெராவின் முன் அப்படியே நிறுத்தினால் என்ன நேரும் என்பதை ஒரே வீச்சில் அது காட்டிவிட்டது. தமிழ்த் திரைப்பட விமர்சனத்துக்குக் கல்கி ஆற்றிய தொண்டு சிறிதன்று.

ஆனால் அக்கேலி எதைத் தொட்டது என்றும் நாம் கேட்க வேண்டும். நடிப்பைத் தொட்டது, உருவத்தைத் தொட்டது. பண்ணையாள் ஏன் எரிய வேண்டும் என்ற கேள்வியை அது தொடவில்லை. பத்திரிகை வாங்கும் வாசகனுக்கு அக்கேள்வி அவசரமானதாக இருந்திருக்காது. நாற்காலியில் அமர்ந்து படத்தின் குறைகளை எண்ணிச் சிரிப்பது ஒரு வகை விமர்சனம். படத்தின் கதையைத் தன்னுடைய விதியாக நம்பி அழுதுகொண்டிருப்பவனைத் தட்டியெழுப்புவது மற்றொரு வகை. இரண்டாவதைச் செய்யக் கலைவாணர் வந்தார்.

3

கிருஷ்ணன் உடனே அங்கு வந்துவிடவில்லை. 'அம்பிகாபதி', 'அசோக்குமார்', 'சிவகவி', 'ஹரிதாஸ்' எனப் புகழ்பெற்ற படங்களில் பெரும்பாலும் கதையோடு ஒட்டாத தனிப் பகுதிகளில் அவர் சிரிப்பூட்டினார். கதாநாயகன் தெய்வத்தை நோக்கிப் பாடிக்கொண்டிருக்கும்போது, கிருஷ்ணன் போலிச் சாமியாரையும் மூடப் பழக்கத்தையும் கிண்டல் செய்துகொண்டிருப்பார். ஒரே படச்சுருளில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஒன்று அற்புதத்தை நம்பச் சொன்னது. மற்றது அற்புதத்தின் அடியில் இருக்கும் தந்திரத்தைப் பார்க்கச் சொன்னது. தயாரிப்பாளர்கள் இதைப் பொறுத்துக்கொண்டனர். மக்கள் கிருஷ்ணனுக்காகவும் கொட்டகைக்கு வந்தனர் என்பதே காரணம்.

1944 டிசெம்பரில், இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரோடு கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார். 1947இல் மேன்முறையீட்டின் பயனாக இருவரும் விடுதலை பெற்றனர். சிறையிலிருந்து மீண்ட பாகவதரின் புராண உலகம் மீண்டும் தழைக்கவில்லை. கிருஷ்ணனோ முன்னினும் துணிந்த குரலோடு வந்தார். சி. என். அண்ணாத்துரையைத் திரைக்கு எழுதவைத்து அவர் தயாரித்த 'நல்லதம்பி' 1949இல் வெளிவந்தது. கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையர் அதை இயக்கினர். அதற்கு மூலம் பிராங்க் காப்ராவின் 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' என்ற 1936ஆம் ஆண்டு அமெரிக்கப் படம். இந்தப் படத்தினுள்தான் 'கிந்தனார்' காலட்சேபம் இடம்பெற்றது. உடுமலை நாராயணகவியின் துணையோடு உருவாகி, மேடைகளிலும் நிகழ்த்தப்பட்டது அது.

காலட்சேபம் என்பது சபாக்களின் கலைவடிவம். பாகவதர் நடுவில் நிற்பார். பின்பாட்டுக்காரர் பக்கத்தில் இருப்பர். பாட்டும் வசனமும் குட்டிக் கதையுமாக இரவு நகரும். நந்தன் சரித்திரம் இவ்வடிவத்தில்தான் தமிழகமெங்கும் பரவியது. கலைவாணர் அதே வடிவத்தை எடுத்தார். அதே ஓசையை எடுத்தார். நந்தனார் என்ற பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றினார். சபையிலிருந்தோர் முதலில் சிரித்தது அந்தப் பெயருக்காகவே இருக்க வேண்டும். பிறகு கதை அவர்களைப் பிடித்துக்கொண்டது.

நந்தன் தில்லைக்குப் போக ஏங்கினான். கிந்தன் பள்ளிக்கூடத்துக்குப் போக ஏங்கினான். நந்தனை ஆண்டை தடுத்தார். கிந்தனைச் சாதி வெறி பிடித்த ஊர் அடித்துத் துரத்தியது. நந்தன் தில்லை எல்லையில் நின்று கனவு கண்டான். கிந்தன் புகையிரதத்தில் ஏறிப் பட்டணம் போனான். நந்தன் தீயில் மூழ்கி உருமாறினான், கிந்தன் படித்தான். முடிவில் பள்ளிகளைப் பரிசோதிக்கும் கல்வி அதிகாரியாக அதே ஊருக்குத் திரும்பினான். அன்று அவனைத் துரத்தியவர்கள் இன்று கைகூப்பி வரவேற்றார்கள்.

இங்கு நடைபெற்றது வெறும் பகடி என்று சொல்லிவிட முடியாது. மூலக் கதையின் ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்து, அதற்கு எதிரே இக்காலத்துக்குரிய ஒரு கட்டத்தை நிறுத்தி, எது மெய்யான விடுதலை என்று கேட்பவர் முன் வழக்குப் போல வைக்கிறார் கலைவாணர். கோயிலுக்கு எதிரே பள்ளி. அருளுக்கு எதிரே அறிவு. நெருப்புக்கு எதிரே புகைவண்டி. அந்தப் புகைவண்டிப் பாட்டு மக்களிடம் பெரிதும் பரவியதற்குக் காரணம் உண்டு. கோயிலும் அக்கிரகாரமும் ஊர்க் கிணறும் மனிதரைப் பிரித்து வைத்திருந்த நாட்டில், சீட்டு வாங்கிய எவரையும் ஒரே பலகையில் உட்காரவைத்த முதற் பொதுவிடங்களில் புகையிரதப் பெட்டியும் ஒன்று. திரைப்படக் கொட்டகை மற்றொன்று. கொட்டகையில் அமர்ந்து அந்தப் பாட்டைக் கேட்டவன், தன் தோளோடு தோள் உரச யார் அமர்ந்திருக்கிறான் என்பதை ஒருகணம் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

புதுமைப்பித்தன் 1930களிலேயே 'புதிய நந்தன்' என்ற சிறுகதையை எழுதியிருந்தார் என்பதை இங்குக் குறிப்பிடாமல் இருத்தல் தவறாகும். ஆதலால் நந்தனை மறுவாசிப்புச் செய்த முதல்வர் கலைவாணர் என்று நாம் வாதிடவில்லை. ஆனால் சிறுகதை சில ஆயிரம் பேரைச் சென்றடைந்தது. கிந்தனாரோ ஏடு தொடாதவரின் செவியிலும் சென்று தங்கினார். நந்தன் படங்களுக்குப் பல்லாயிரவர் அழுதனர் என்றால், அந்த அழுகைக்கு மறுமொழி சொல்ல வேண்டிய இடமும் அந்தப் பல்லாயிரவர் கூடும் இடமே. அந்த இடத்தை அறிந்து பயன்படுத்தியதே கலைவாணரின் தனிச்சிறப்பு.

4

இத்தனையும் கூறிய பின், விமர்சகனையும் விமர்சிக்கும் கடமை நமக்கு உண்டு. முற்போக்கு எண்ணமுடையோர் கலைவாணரைப் போற்றுவதோடு நின்றுவிட்டால், அவர் கற்பித்த பாடத்தையே மறந்தவராவோம்.

கிந்தன் தனியாகவே புகையிரதம் ஏறுகிறான். அவன் பிறந்த சேரி பின்னால் நின்றுவிடுகிறது. அவன் அதிகாரியாகத் திரும்பி வரும்போது அவனுக்குக் கிடைக்கும் வணக்கம் அவன் உத்தியோகத்துக்குக் கிடைக்கும் வணக்கமே. அவன் தாய்க்கும் தமையனுக்கும் அது கிடைத்ததா என்று கதை கேட்பதில்லை. நாற்பது வேலி நிலம் யாருடைய பெயரில் இருக்கிறது என்ற கேள்வி கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் தலைகாட்டியது. கலைவாணரிடம் அது மறைந்துபோயிற்று. பள்ளிக்கூடம் வந்தது, பண்ணை போகவில்லை. 'நல்லதம்பி' முழுவதற்கும் இக்குறை பொருந்தும். எதிர்பாராமல் சொத்துக்கு வாரிசான நல்ல மனிதன் ஒருவன் அதை ஊருக்கு வழங்கிவிடுவதால் துன்பம் தீருகிறது. அமெரிக்காவில் காப்ரா கண்ட தீர்வு அது. நல்ல செல்வன் ஒருவன் கிடைக்கும்வரை ஏழை காத்திருக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

இக்குறை கலைவாணர் ஒருவருடைய குறையன்று. அக்காலச் சீர்திருத்த இயக்கம் முழுவதற்கும் உரியது. மூடநம்பிக்கையைக் கிழிப்பதில் அதற்கிருந்த வேகம், உடைமை உறவுகளைத் தொடும்போது தளர்ந்துவிட்டது. சம்பாதித்ததையெல்லாம் வாரி வழங்கி வறியவராகவே 1957 ஆகஸ்டில் கலைவாணர் மறைந்தார். அவர் வாழ்க்கையும் ஒரு நல்லதம்பியின் வாழ்க்கையே. மக்கள் அவருக்காக அழுதது இயல்பு. ஆயினும் ஒரு மனிதனின் கொடை ஒரு சமுதாயத்தின் ஏற்பாட்டுக்கு ஈடாகாது.

5

கலைவாணருக்குப் பின் இந்த வாதம் எவ்வாறு தொடர்ந்தது? இங்கு ஓர் ஒற்றுமையைக் குறிப்பிடலாம். 'நல்லதம்பி'யை இயக்கிய கிருஷ்ணன்–பஞ்சுவே 1954இல் எம். ஆர். ராதாவின் 'ரத்தக்கண்ணீ'ரையும், 1964இல் நாகேஷின் 'சர்வர் சுந்தர'த்தையும் இயக்கினர். பதினைந்தாண்டு இடைவெளியில் மூன்று சிரிப்பு நடிகர்கள், மூன்று வகையான குரல்கள்.

ராதா கலைவாணரைப்போல் தடவிக்கொடுத்துச் சொல்பவர் அல்லர். நாடக மேடையே அவருடைய மெய்யான களம். இராமாயணத்தைத் தலைகீழாக நிறுத்தி 1954இல் அவர் நடத்திய நாடகம் பெருங் கலவரத்தைக் கிளப்பியது. அவ்வாண்டில் சென்னை அரசு கொண்டுவந்த நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு அவருடைய நாடகங்களே உடனடிக் காரணம் என்று பரவலாகக் கருதப்படுகிறது. கட்டியகாரனுக்கு அரசு அஞ்சிச் சட்டம் இயற்றியது என்றால், அவன் தனக்கு விதித்த எல்லையைத் தாண்டிவிட்டான் என்பது பொருள். ஆனால் 'ரத்தக்கண்ணீ'ரின் கதைப்போக்கில் அந்தக் கட்டற்ற நாவுக்குரியவன் குட்டநோயாளியாகித் தண்டனை அடைகிறான். பேசவிட்டுப் பின் தண்டிப்பது திரைப்படத்தின் பழைய தந்திரம். பார்வையாளர் தண்டனையை மறந்து பேச்சை நினைவில் வைத்துக்கொண்டனர் என்பதே ராதாவின் வெற்றி.

நாகேஷ் காலத்தில் விமர்சனம் வேறிடம் நோக்கித் திரும்பியது. 1964இல் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை'யில் செல்லப்பா என்ற இளைஞன் தந்தையின் பணத்தில் 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' நடத்துகிறான். அவனிடம் கதையும் கிடையாது, கலையும் கிடையாது. ஆனால் தந்தைக்குப் பேய்க்கதை சொல்லி நடுங்க வைக்கிறான். கேட்டு நடுங்குபவர் 'சதி லீலாவதி'யில் கலைவாணரோடு திரைக்கு வந்த அதே பாலையா. கண்ணை உருட்டலும் ஓசையும் இருந்தால் போதும், படம் எடுத்துவிடலாம் என்று நம்பிய ஒரு தொழிலைப் பற்றி அத்தொழிலுக்குள்ளிருந்தே வந்த கேலி அது. அவ்வாண்டின் இறுதியில் வந்த 'சர்வர் சுந்தர'மோ படப்பிடிப்புக் கூடத்தின் திரையை விலக்கி, ஊரைச் சிரிக்கவைப்பவன் தன் தாயின் இறுதி நேரத்துக்கு வந்துசேர முடியாத கொடுமையைக் காட்டியது. அடுத்த ஆண்டில் வந்த 'திருவிளையாட'லில் தருமியாக நாகேஷ் தோன்றினார். புராணப் படத்தின் பளபளப்புக்கு நடுவே பரிசுப் பணத்துக்கு ஏங்கும் ஒரு வறிய புலவன் வந்து நிற்கிறான். இறைவனுக்கும் புலவனுக்கும் இடையே சொற்குற்றம் பொருட்குற்றம் பற்றிய பெருவிவாதம் நடக்கிறது. தருமிக்கோ வயிறு பற்றிய விவாதமே பெரிது. மக்கள் யாரை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது சொல்லாமலே விளங்கும்.

இதன்பின் நேர்ந்த சரிவை விரிவாக எழுத வேண்டியதில்லை. கதாநாயகன் தெய்வமானான், அவனைக் கேள்வி கேட்கும் உரிமை சிரிப்பு நடிகனிடமிருந்து பறிக்கப்பட்டது. கேலி மேலே ஏற வழியின்றிக் கீழே பாய்ந்தது. கறுத்த நிறமும் பருத்த உடலும் வறுமையும் அறியாமையும் சிரிப்புக்குரிய பொருள்களாயின. ஒருவன் மற்றவனை உதைப்பது நகைச்சுவை எனப்பட்டது. 2000ஆம் ஆண்டில் வந்த 'தெனாலி'யில், போரினால் நாடிழந்து சென்ற ஈழத்து மனிதனின் அச்சமும் அவன் பேச்சுமொழியுமே சிரிப்பின் மூலப்பொருளாயின. அதைப் பார்த்து நம்மவரும் சிரித்தனர். சிரித்து முடித்தபின் சிலரேனும் மௌனமாயினர். 'சின்னக் கலைவாணர்' என்று அழைக்கப்பட்டு 2021இல் மறைந்த விவேக் மூடநம்பிக்கையைச் சாடிய பகுதிகள் பழைய மரபின் மிச்சமாக விளங்கின.

இந்த நூற்றாண்டில் படங்களைக் கேலி செய்வதே ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது. தொலைக்காட்சியில் 'லொள்ளு சபா' புகழ்பெற்ற படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கிழித்தது. 2010இல் வந்த 'தமிழ்ப் படம்' கதாநாயக வழிபாட்டின் வாய்பாடுகளை அடுக்கிக் காட்டிச் சிரிக்கவைத்தது. இவற்றின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரே அடியில் நூறு பேரை வீழ்த்துபவனைப் பார்த்து மெய்சிலிர்ப்பதை விட்டுச் சிரிக்கப் பழகுவது நன்றே. ஆனால் இது கல்கியின் வழி, கலைவாணரின் வழியன்று. படத்தின் வாய்பாட்டைப் பரிகசிக்கிறது. அந்த வாய்பாடு எவருடைய நலனுக்காகத் திரும்பத் திரும்ப ஓதப்படுகிறது என்று கேட்பதில்லை. நந்தனின் நெருப்பு செயற்கை நெருப்பு என்று சிரிப்பது எளிது. நெருப்பே எதற்கு என்று கேட்பதுதான் கடினம்.

6

இறுதியாக, இக்கதைக்கும் நமக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல வேண்டும்.

நந்தன் இலங்கைக்கு அந்நியன் அல்லன். தமிழகத்துப் படங்கள் நம் படமாளிகைகளுக்குத் தொடர்ந்து வந்தன. அதற்கு அப்பாலும், நடிகமணி வி. வி. வைரமுத்துவின் இசைநாடகங்கள் வழியாக நந்தன் யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் விடிய விடியப் பாடினான். கேட்டோர் உருகினர். உருகியவர் பலர் மறுநாட் காலையில் அதே வீதியின் தேநீர்க்கடையில் ஒருவனுக்குத் தனிப் பேணியில் தேநீர் கொடுப்பதை ஏற்றுக்கொண்டனர்.

கிந்தன் கேட்ட பள்ளிக்கூடத்துக்காகவும் இங்கே போராட்டம் நடந்தது. 1930ஆம் ஆண்டையொட்டிச் சம ஆசனக் கோரிக்கை எழுந்தபோது வடபுலத்தில் சில பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. நந்தன் மூழ்கிய தீ இங்குப் பள்ளிக்கூரையில் பற்றியது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. பல கிந்தர்கள் படித்தார்கள், ஆசிரியராயினர், எழுத்தாளராயினர். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும் நிறைவேறியது. ஆயினும் தேநீர்க்கடையும் கோயிற் கதவும் படித்தவனுக்காகத் தாமாகத் திறக்கவில்லை. 1966 அக்டோபரில் ஊர்வலம் புறப்பட்டது. தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் மக்கள் திரண்டு நின்றனர். நந்தி விலகட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அதிகாரியாகித் திரும்பி வருவதற்காகத் தனித்தனியே புகையிரதமும் ஏறவில்லை. கூட்டமாக வந்து, அடிபட்டு, நகராமல் நின்றனர். கலைவாணரின் காலட்சேபத்தில் விடுபட்ட அத்தியாயம் அது.

அந்த அத்தியாயமும் முடிந்துவிடவில்லை. 2018இல் வடபுலத்துக் கோயிலொன்றின் தேரை மண் அகழும் இயந்திரத்தைக் கொண்டு இழுத்த செய்தியைப் பத்திரிகைகள் படத்தோடு வெளியிட்டன. ஒடுக்கப்பட்டோர் வடம் பிடிப்பதைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு என்று கண்டனக் குரல் எழுந்தது. கலைவாணர் இயந்திரத்தை நம்பினார். புகைவண்டியின் சக்கரம் சாதியை நசுக்கிவிடும் என்று பாடினார். அவருடைய நம்பிக்கை பொய் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் இயந்திரம் தானாக எந்தப் பக்கமும் சாய்வதில்லை. அது யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. கிந்தனை ஏற்றிச் சென்றதும் இயந்திரமே. கிந்தனின் கையிலிருந்து வடத்தைப் பறித்ததும் இயந்திரமே.

கலைவாணர் இன்றிருந்தால் அந்தத் தேரைப் பார்த்து ஒரு காலட்சேபம் செய்திருப்பார் என்பதில் ஐயமில்லை. அவர் இல்லை. நம் மேடைகளிலும் வானொலியிலும் திரையிலும் சிரிக்கவைக்கும் ஆற்றலுள்ள இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் புகழ்பெற்ற படங்களைக் கேலி செய்யட்டும், தாராளமாகச் செய்யட்டும். நடிகனின் தலைமயிரையும் சண்டைக் காட்சியையும் கடந்து அந்தக் கேலி கதையின் நடுப்பகுதி வரை செல்லட்டும். அங்கே எவன் எரிக்கப்படுகிறான், எவன் கைகட்டி நிற்கிறான், எவனுடைய நாற்பது வேலி கேள்விக்குட்படாமல் கிடக்கிறது என்று பார்க்கட்டும். அவற்றைச் சொல்லி மக்களைச் சிரிக்கவைப்பவன் எவனோ அவனே கலைவாணரின் வாரிசு. அவனுக்குச் சபை அமைத்துக் கொடுப்பது நம் பொறுப்பு.